ஆறாவது படி

தடி இல்லீங்க அம்மணி, நல்லாப் பாருங்க. ஏணிப்படி. பயப்படாம ஜன்னலோரமாவே உக்காருங்க, நான் இதை மடியில வெச்சுக்கறேன். காங்கேயத்துல ஏறும்போதே கண்டக்டர் தம்பியும் இப்படித்தான் கேட்டுச்சு. "ஏனுங்கம்மா, யாரை அடிக்கப் போறீங்க?"ன்னு. அடிக்கற கட்டைக்கு யாராச்சும் மஞ்சப் பூசிக் குங்குமம் வெப்பாங்களாங்க? "அப்ப சாமிங்களா?"ங்குது. சாமியும் இல்ல தம்பி, சீரு, சீரு கொண்டு போறேன்னேன். டிக்கெட்டைக் குடுத்துட்டு முன்னால போயிருச்சு.

சிரிக்கறீங்க பாத்தீங்களா? சிரிங்க, சிரிங்க. எனக்கே காலையில இருந்து சிரிப்பு அடங்கல. பல்லு வெளக்கறப்பவும் சிரிப்பு. சேலை கட்டறப்பவும் சிரிப்பு.

கரூர்ல எங்க நாத்தனார் சிந்தாமணி ஊட்டுக்குப் போறேனுங்க. எங்கூட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. அவ பொண்ணு தாய் ஊட்டுக்குப் பிரசவத்துக்கு வந்து, கொழந்தை பொறந்து, இன்னிக்குப் பேரு வெச்சுத் தொட்டில் போடறாங்க. அதுக்குத் தாய்மாமன் ஊட்டுச் சீரு இதுதான். இந்த ஒத்தைக் கட்டை. இதை அவ கையில குடுத்தா வாங்கிக்குவாளா, இல்ல வாசல்லயே நிக்க வெச்சு "எடுத்துட்டுப் போங்க அண்ணி"ம்பாளா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. அவ எங்கூட்டு வாசலை மிதிச்சு மூணு வருசமாச்சு. போன்ல கூப்பிட்டா, கூப்பிடலைன்னு சொல்லக்கூடாது. ஆனா எப்படிக் கூப்பிட்டா? "வந்தா வாங்க, வராட்டிப் போங்க. பஸ் ஸ்டேண்டுக்கெல்லாம் இங்கிருந்து யாரும் வரமாட்டாங்க." பரிட்சைக்குப் போற புள்ளையாட்ட இருக்குது எனக்கு.

உங்களுக்கு எங்க எறங்கோணும்? கரூரேவா? அப்பச் சரி, மொதல்ல இருந்தே சொல்லீர்றேன்.

எங்களுது மாமனாரு கட்டுன ஊடு. மாமியாளும் போய்ச் சேந்த பொறவு அண்ணந்தம்பி ரெண்டு பேரும் பாகம் பிரிச்சுக்கிட்டாங்க. பெரியவரும் அவரு சம்சாரம் அம்சவேணியக்காவும் கெழக்கால பாதி. எங்கூட்டுக்காரரும் நானும் மேக்கால பாதி. ரெண்டுக்கும் நடுவால இருந்த கதவைக் கழட்டி, அந்த வாசலைப் பலகை வெச்சு ஆணியடிச்சு மூடியாச்சு. ஊட்டுக்குப் பின்னால பொறக்கடையில இடுப்பளவுக்கு ஒரு சுவரு. பஞ்சாயத்துக்கு உக்காந்த பெரிய மனுசங்க, போர் தண்ணி பொது, மேல இருக்கற டேங்க் பொது, ஏணி பொதுன்னு சொல்லிட்டாங்க. டேங்குக்கும் அதுலதான் ஏறோணும், ரெண்டு ஊட்டு அட்டாலிப் பரணுக்கும் அதுலதான் ஏறோணும், வேற என்ன பண்ணுவாங்க? ஏணியை அந்தப் பொறக்கடைச் சுவத்து மேலயே நீட்டிப் படுக்க வெச்சுட்டாங்க. அந்தப் பக்கமும் சேராது, இந்தப் பக்கமும் சேராது.

சிந்தாமணிக்குன்னு கேப்பீங்க. அவளுக்குக் கல்யாணத்தப்பவே எல்லாம் செஞ்சாச்சுன்னு ஆம்பளைங்க சொன்னாங்க. அவளும் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. கையெழுத்துப் போட்டா, எந்திரிச்சா, ஆக்கி வெச்ச சோத்தைக்கூடத் திங்காம பஸ் ஏறிப் போயிட்டா. அதுல எங்க மேல என்ன தப்புங்க?

அம்சவேணியக்கா எங்கிட்டப் பேச்சை நிறுத்துனதும் அன்னிக்கேதான். பாத்திரம் பண்டம் பிரிக்கையில அந்தக்கா "இது உனக்கு, இது எனக்கு"ன்னு வெச்சுட்டே போனாங்க. நான் என் பக்கத்தை ஒரு தடவை எண்ணிப் பாத்தேன். எண்ணறது தப்பாங்க? அப்புறம் அவங்க பக்கத்தையும் எண்ணிப் பாத்தேன். அதும் ஒரு தடவைதான். சரி, ரெண்டு தடவை. அந்தக்கா என்னையவே பாத்துட்டு நின்னுட்டு, உள்ள போயிட்டாங்க. அதோட சரி. "எண்ணிப் பாத்துட்டேங்கா, சரியாத்தான் இருக்குது"ன்னு நான் சத்தமாச் சொல்லக்கூடச் செஞ்சேன்! சரியா இருக்குதுன்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்கற ஆளை நீங்க எங்காச்சும் பாத்திருக்கீங்களா?

பேச்சு இல்லைன்னா, ஒண்ணுமே பேசறதில்லைன்னு அர்த்தமில்லீங்க. எனக்கு ஏதாச்சும் சொல்லோணும்னா பூனைகிட்டச் சொல்லுவேன். அந்தக்கா சீமாறுகிட்டச் சொல்லுவாங்க. "ஏ பூனை, போர் மோட்டாரு ஒரு மாதிரி சத்தம் போடுது, யாராச்சும் ஆளைக் கூப்பிட்டா தேவலை"ன்னு நான் சொன்னா, "சீமாறே, ஆளுக்கு நேத்தே சொல்லியாச்சு, நாளைக்கு வர்றான்"னு அங்கிருந்து வரும். காரியம் நடந்துரும். பூனையும் பொதுதானுங்க, ரெண்டு ஊட்டுலயும் திங்குது. மூணு வருசம் இப்படியே ஓடுச்சு. அரிசிம்பருப்பு ஆக்குனா மட்டும் சித்த சங்கடமா இருக்கும். அந்தக்காதான் எனக்கு அதை ஆக்கப் பழக்கிவிட்டாங்க. தனியா உக்காந்து தின்னா எறங்காது. அது வேற கதை, விடுங்க.

ஏணிக்கு வர்றேன். பாகத்துல ஸ்டோர் ரூமு அவங்க பக்கம் போயிருச்சு. எம்பட சமையக்கட்டுல டப்பா முச்சூடும் தரையில. மொளகா டப்பாவைத் தாண்டி மல்லி டப்பாவை எடுத்து, மல்லியைத் தாண்டி உப்பை எடுத்து, நொண்டி ஆடறாப்புலதான் சமைச்சேன். ஓசூர்ல இருக்கற எம்பட பொண்ணு அதைப் பாத்துட்டுப் போன்ல ஒரு வீடியோ அனுப்பிச்சா. யாரோ ஒரு வெள்ளைக்காரி, எங்கூட்டு ஏணியாட்டவே ஒரு பழைய மர ஏணியை எடுத்து நடுவால சர்ருனு அறுக்கறா. ரெண்டு துண்டையும் எதிரெதிரா நிக்க வெக்கறா. இந்தப் படிக்கும் அந்தப் படிக்கும் பலகை போடறா. அவ்வளவுதானுங்க, அலமாரி! அதுல கண்ணாடி ஜாடி அடுக்கறா, துண்டை மடிச்சு வெக்கறா, குட்டியா ஒரு பூந்தொட்டி வெக்கறா. வெச்சுட்டு ஒரு சிரிப்புச் சிரிக்கறா பாருங்க! எனக்கு மேலு காலெல்லாம் பரபரங்குது. நான் அதை எத்தனை தடவை பாத்தேன்னு கேக்காதீங்க. அடுப்புல இருந்த பருப்பு அடிப்புடிச்சுப் போச்சு.

எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அவருக்குத் தேங்காக் களத்துல வேலை, வந்ததும் மொதல்ல சோறு. சோத்தைப் பெசைஞ்சுட்டே, "பொதுவுல இருக்கறதைக் கேக்காமத் தொடக்கூடாது. அண்ணியைக் கேளு"ன்னாரு.

"பேச்சே இல்லாதவங்களை எப்படிங்க கேக்கறது?"

"அப்ப விட்டுரு."

விடறதுக்கா நான் அத்தனை தடவை பாத்தேன்? யோசிச்சேன். பொதுன்னா என்னங்க, பாதி எனக்குச் சொந்தம்னுதானே? எம்பட பாதியை நான் அறுத்துக்கிட்டா யாரு கேக்கறது? வெள்ளைக்காரிக்கு ரெண்டு துண்டு வேணும். எனக்கென்ன, சுவரு இருக்குது, ஒத்தைத் துண்டைச் சாய்ச்சு வெச்சுக்கறேன். அவங்க பாதியில ஒரு பல்லுகூடப் படக்கூடாது. நேர்மைன்னா நேர்மைதானுங்க, எனக்கு அதுல எப்பவும் ஒரே கண்ணு.

அவரு களத்துக்குப் போனதும் ஆசாரிகிட்ட ரம்பத்தை வாங்கிட்டு வந்தேன். பொறக்கடைச் சுவத்து மேலயே ஏணியை வெச்சு, அது மேல ஒரு காலைப் போட்டு ஏறி உக்காந்தேன். படியை எண்ணுனா பதினொண்ணு. அஞ்சு இக்கட்டால, அஞ்சு அக்கட்டால, நட்ட நடுவுல ஆறாவது படி ஒண்ணு நிக்குதுங்க! அதுக்கு அந்தப் பக்கம் அறுத்தா ஆறு எனக்கு. இந்தப் பக்கம் அறுத்தா ஆறு அவங்களுக்கு. படியை நெட்டுக்குத்தா ரெண்டாப் பொளக்கவா முடியும்? அறுக்கறது நான், வேர்க்கறது எனக்கு, ரம்பம் வாங்கிட்டு வந்தது நான். அந்தப் பக்கமாவே ரம்பத்தை வெச்சேன்.

கரக்கு கரக்குன்னு சத்தம் கேட்டு அந்தக்கா வெளிய வந்தாங்க. பாத்தாங்க. இடுப்புல கையை வெச்சுட்டு நின்னாங்க. நான் பூனையைக் கூப்பிட்டேன். "ஏ பூனை, நல்லாப் பாத்துக்க. எனக்குச் சேந்ததைத்தான் அறுக்கறேன். நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

"சீமாறே, ஊர்ல மரம் அறுக்கறவங்களைப் பாத்திருக்கேன், பாதி சொந்தம்னு கெணறு அறுக்கறவங்களைக்கூடப் பாப்பேனாட்ட இருக்குது"ன்னுட்டு அந்தக்கா உள்ள போயிட்டாங்க. பொறாமைங்க, வேற என்ன.

அறுத்து முடிச்சு, அவங்க அஞ்சு படித் துண்டை நானே தூக்கிட்டுப் போய் அவங்க பக்கம் சுவத்துல பதனமாச் சாய்ச்சு வெச்சேன். யாரு செய்வாங்க அப்படி? எம்பட துண்டை உள்ள கொண்டு வந்து நல்லாத் தொடைச்சு, சுவத்துல சாய்ச்சு, படி மேல பழைய கட்டில் பலகையை வெச்சு, டப்பா பூராத்தையும் அடுக்கி, அந்த வெள்ளைக்காரியாட்டவே ரெண்டடி பின்னால போய் நின்னு சிரிச்சேனுங்க. சிரிச்சு வாயை மூடல. படபடபடன்னு அத்தனையும் கீழ! பலகைக்கு ஒரு பக்கந்தானே பிடிமானம், அந்தப் பக்கம் காத்துல நிக்குது. மொளகாப்பொடி டப்பா தொறந்து பூனை மேல கொட்டி, அது தும்மிட்டே அவங்க ஊட்டுக்கு ஓடுச்சு. செவந்த பூனை. என்ன நடந்துச்சுன்னு அவங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்ல. அங்கிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்துச்சு பாருங்க, மூணு வருசத்துல நான் கேக்காத சத்தம்.

சாயங்காலம் எங்கூட்டுக்காரரு வந்தாரு. திட்டுவாருன்னு பாத்தேன். நேரா அந்தத் துண்டுகிட்டப் போயி, ஒவ்வொரு படியாத் தொட்டு, "லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்"னு எண்ணி நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. உங்க பக்கமும் உண்டுங்களா? எங்க பக்கம் வாசப்படியோ மாடிப்படியோ ஏணியோ, எதுன்னாலும் லாபம் நஷ்டம்னு எண்ணித்தான் வெப்போம், கடைசிப்படி லாபத்துல முடியோணும். மாமனாரு பதினொண்ணு வெச்சது சும்மாவா? கூட ஒண்ணு வேணும்னு ஆறா எடுத்து நான் நஷ்டத்தைத் தூக்கி ஊட்டுக்குள்ள வெச்சுட்டேன். கொறைஞ்சுதேன்னு நான் நெனச்ச அஞ்சு, அங்க லாபத்துல நிக்குது!

அன்னிக்குச் சோறு எறங்கலீங்க. விடிஞ்சதும் கொழவிக் கல்லை எடுத்தேன், மேல்படியை நாலு போடு போட்டுக் கழட்டுனேன். அஞ்சு. லாபம். கழட்டுன படியை என்ன பண்ண? ஊட்டுக்குள்ள வெச்சா அதும் கணக்குல வரும். நல்ல வேல மரத்துப் படியை அடுப்புல வெக்கறதா? அதும் தப்பு. எனக்கொரு யோசனை. அவங்களுக்கு ஒண்ணு கொறைச்சல்தானே? குடுத்துட்டா நேர்மையாவும் போச்சு. சுவத்தை எட்டி அவங்க துணி தொவைக்கற கல்லு மேல வெச்சுட்டு வந்துட்டேன்.

மக்கா நாள் காலையில வாசல் தொறக்கறேன், எம்பட கோலத்து நடுவுல கெடக்குது! எப்படிங்கறீங்க, நான் போட்டது பெரிய சிக்குக் கோலம், அதுல ஒரு புள்ளி கலையல, ஒரு இழை அழியல, ஊடால அலுங்காமக் கொண்டு வந்து வெச்சிருக்காங்க. அந்தக்கா கைப் பக்குவம் அப்படிங்க. கோவத்துலயும் எனக்கு மெச்சத்தான் தோணுச்சு.

நான் விடுவனா? செம்பருத்திச் செடி மறைவுல கொண்டு போய்ச் சொருகுனேன். திரும்பி வந்து எம்பட தண்ணிக் கொடத்துக்குள்ள நின்னுச்சு. அவங்க கொடியில துணியோட துணியாத் தொங்கவிட்டேன். எம்பட கேஸ் சிலிண்டருக்குப் பொறகால வந்து கெடந்துச்சு. உள்ள எப்படி வந்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த நாளெல்லாம் எனக்குப் பொங்கல் நோம்பி மாதிரி இருந்துச்சு. காலையில எந்திரிச்சதும் படி எங்க இருக்குதுன்னு தேடறதுதான் மொதச் சோலி. அவங்களும் தேடறது ஜன்னல் வழியாத் தெரியும். எனக்கு வயசு அம்பத்தி ரெண்டு. அந்தக்காவுக்கு என்னை விட எச்சா.

அப்புறந்தான் மோட்டார் சங்கதி. ஒரு நாள் மத்தியானம் மோட்டாரைப் போட்டுட்டு, தண்ணி ஏறட்டும்னு, படியை எடுத்துட்டுக் கிளம்புனேன். இந்தத் தடவை அவங்க சமையக்கட்டு ஜன்னல் கம்பியில குறுக்கால மாட்டி வெக்கோணும்னு திட்டம். சுவத்து மேல ஒரு கால் அக்கட்டால, ஒரு கால் இக்கட்டால. கையில படி. அந்தச் சமயம் பாத்து டேங்க் நெறைஞ்சு மேல இருந்து கொட்டுது பாருங்க தண்ணி! நேரா எந்தலையில. எறங்கலாம்னா சேலை சுவத்துல மாட்டிக்கிச்சு. சத்தம் கேட்டு அந்தக்கா ஓடியாந்தாங்க. ஓடியாந்த வேகத்துல அவங்க தலையிலயும் கொட்டுது. சுவத்து மேல நான், கையில படி, கையுங்களவுமா!

"துளசி! மோட்டாரை நிறுத்துடி!"

எனக்குக் காதை நம்ப முடியல. மூணு வருசமாச்சுங்க அந்த வாயில எம்பேரு வந்து. "யாரைச் சொல்றீங்க?"ன்னு கேட்டுட்டேன்.

"உன்னைத்தான்டி! பூனையவா சொல்றேன்? பூனையா போட்டுது மோட்டாரை?"

அவங்களே வந்து சேலையை எடுத்துவிட்டாங்க. போய் நிறுத்துனேன். நிறுத்திட்டு அந்தச் சுவிட்சைப் புடிச்சுட்டே நின்னு அழுதேனுங்க. ஏன்னு கேக்காதீங்க. சந்தோசம், வேற என்ன. அதுக்காக நான் ஒடனே பல்லைக் காட்டிட்டுப் போயிடலை, எனக்கும் மானம் ரோசம் இருக்குதில்ல? அந்தக்கா முன்வாசல் வழியா எங்கூட்டுக்குள்ளயே வந்து, தரையில கெடக்கற டப்பாவையும் சுவத்துல சாஞ்சு நிக்கற மொட்டை ஏணியையும் பாத்து, "என்னடி பண்ணப் பாத்தே?"ன்னு கேட்டப்பவும் நான் அந்த ஏணித்துண்டைப் பாத்துத்தான் பதில் சொன்னேன். "வீடியோவைக் காட்டறேன், பாக்கறவங்க பாத்துக்கலாம்"னு.

பாத்தாங்க. ஒரு தடவை பாத்தாங்க. இன்னொரு தடவை போடச் சொன்னாங்க. ஈரத் தலையோட ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து பாத்தோம். அந்தக்கா கண்ணு மின்னுதுங்க! "அடியே, இதுக்கு ரெண்டு துண்டும் வேணும்டி. உன்னுது ஒண்ணு, என்னுது ஒண்ணு"ன்னாங்க.

வேணும்தான். ஆனா எந்த ஊட்டுல வெக்கறது? என் ஊட்டுல வெச்சா அவங்க பாதி எங்கிட்ட இருக்கும். அவங்க ஊட்டுல வெச்சா என் பாதி அங்க போயிரும். நான் அதை அந்த ஏணித்துண்டுகிட்டச் சொன்னேன். அந்தக்கா என்னையத் தாண்டிப் பாத்துட்டு இருந்தாங்க. எதைன்னு திரும்பிப் பாத்தா, ஆணியடிச்சு மூடி வெச்ச அந்த நடு வாசலு.

அவங்க ஊட்டுப் பக்கம் இருந்து அவங்க சுத்தியல்ல தட்ட, இந்தப் பக்கம் இருந்து நான் ஆணியைப் புடுங்க, மொதப் பலகை கழண்டுச்சு. அந்தச் சந்துல அந்தக்கா மொகம். வேர்த்து ஒழுகுது, நெத்தியில பொட்டு கலைஞ்சு போச்சு, சிரிக்கறாங்க. இந்த மொகத்தைப் பாக்காமயா இத்தனை நாளு இருந்தோம்னு இருந்துச்சுங்க எனக்கு. சொல்லல. மனசுல நெனச்சுக்கிட்டேன்.

அந்த வாசலோட எடது நிலையோரமா என் துண்டு, வலது நிலையோரமா அவங்க துண்டு. ஒரே ஏணியில அறுத்ததுதானே, படிக்குப் படி சமமா நிக்குது. வாசலை மூடியிருந்த பலகை இருக்குதுங்களே, அதையவே குறுக்க எடுத்துப் படி மேல வெச்சோம். அளவெடுத்துச் செஞ்சாப்புல உக்காந்துக்கிச்சு! இப்ப அலமாரி எந்த ஊட்டுலயும் இல்ல, ரெண்டு ஊட்டுலயும் இருக்குது. என் பக்கம் இருந்தும் எடுக்கலாம், அவங்க பக்கம் இருந்தும் எடுக்கலாம். நான் இங்கிருந்து கொழம்பை வெச்சா அங்க எடுத்துக்கறாங்க. அங்கிருந்து ரசம் வருது. அடித்தட்டு வழியாப் பூனை போய் வருது. எம்பட டம்ளரு அவங்க டம்ளரு எல்லாம் கலந்து போச்சுங்க. எண்ணிப் பாத்தா ஒரு நாளைக்கு ஒண்ணு கூட வருது, ஒரு நாளைக்கு ரெண்டு கொறையுது. போகட்டும்னு விட்டுட்டேன். எண்ணறதையே விட்டுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. வாரத்துக்கு ஒரு தடவைதான்.

டேங்குக்கு ஏற ஆம்பளைங்க புதுசா இரும்பு ஏணி ஒண்ணு வாங்கிட்டு வந்து சாத்தியிருக்காங்க. ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போய் வாங்கிட்டு வந்தாங்க. கேட்டா, அண்ணனும் தம்பியும் ஒரு நாளும் பேச்சை நிறுத்தவே இல்லையாம்! மூணு வருசமாத் தெனமும் டீக்கடையில உக்காந்து பேசிட்டுத்தான் ஊட்டுக்கு வந்தாங்களாம். கெரகம், எங்களுக்குச் சொல்றதில்ல?

அந்தக்காகூட நான் பேசறேனான்னா, அவங்க பேசறாங்க. நான் இன்னும் அலமாரிகிட்டத்தான் சொல்றேன். "உப்பு தீந்து போச்சு"ன்னு அலமாரியைப் பாத்துச் சொன்னா, அங்கிருந்து உப்பு வந்துரும். பழகிருச்சு, என்ன பண்றது.

இந்தப் படிதான் மிச்சம். எனக்கு வேண்டாம், ஆறாயிரும். அவங்களுக்கும் வேண்டாம், ஆறாயிரும். அலமாரி உச்சியில அது பாட்டுக்குக் கெடந்துச்சு. அப்பத்தான் சிந்தாமணி போன் பண்ணுனா, இந்தத் தொட்டில் போடறதைச் சொல்ல. போனை அலமாரித் தட்டுல வெச்சு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அக்காவும் கேக்கறோம். அண்ணமாருங்க ஏணிக் கதையை அவகிட்டயும் சொல்லியிருக்காங்க போல. எல்லாம் பேசிட்டு, கடைசியில சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா, "ஏனுங்கண்ணி, ஏணியையும் ரெண்டாத்தான் போட்டீங்களா?"

சிரிச்சுக்கிட்டுதாங்க கேட்டா. ஆனா எனக்கு யாரோ நெஞ்சுல கையை வெச்சுத் தள்ளுனாப்புல ஆயிருச்சு. அன்னிக்குத் தட்டுல போட்ட சோத்தை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போனாளே, அந்த முதுகுதான் கண்ணுக்குள்ள வந்து நிக்குது. அவளை அன்னிக்கு "உனக்கு என்ன வேணும் கண்ணு"ன்னு ஒரு வார்த்தை யாரும் கேக்கல. கேட்டிருந்தா அவ ஒண்ணும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பா. அது வேற.

அம்சவேணியக்கா அந்தப் பக்கம் இருந்து கையை நீட்டி உச்சியில இருந்து இந்தப் படியை எடுத்தாங்க. முந்தானையில தூசியைத் தொடைச்சாங்க. தொட்டில் சேலை ஒட்டிக்காம விரிச்சுப் புடிக்க நடுவால ஒரு கட்டை கோப்பாங்க பாருங்க, அதை மாதிரி ரெண்டு கையிலயும் புடிச்சுக் காட்டுனாங்க. அளவு அப்படியே இருக்குதுங்க. கொழந்தை மேல துணி விழாம, ஒரு முழத்துக்கு மேல, வழுவழுன்னு. மாமனாரு கால் வெச்சு ஏறுன கட்டை, அவரு பொண்ணு ஊட்டுத் தொட்டிலுக்கு. நாந்தான் மஞ்சப் பூசுனேன். அக்கா குங்குமம் வெச்சாங்க.

தென்னிலை, பரமத்தி எல்லாம் எப்பங்க தாண்டுச்சு? கரூரா இது? அட, பேசிட்டே வந்துட்டேன். ஆம்பளைங்க களத்துல தேங்கா காயப்போட்டுட்டு மத்தியானத்துக்கு வர்றாங்க. நாங்க ரெண்டு பேரும் முன்னாடியே கெளம்பிட்டோம். ஆமாங்க, ரெண்டு பேருந்தான். அந்த முன் சீட்டுல ஊதாச் சேலை, பட்சணக் கூடையைக் கட்டிப் புடிச்சுட்டு, அவங்கதான். எடமில்லாம தனித்தனியா உக்காந்தோம். நான் பேசுனது காதுல விழுந்திருக்குமாங்க? தோளு குலுங்குதே. சிரிக்கறாங்களாட்ட இருக்குது.

மெதுவா எந்திரிக்கலாம், பஸ்ஸு நிக்கட்டும். வேண்டாம்னு சொல்லிட்டா இதை நான் மறுபடியும் காங்கேயத்துக்கா தூக்கிட்டுப் போவேன்? எந்த மொகத்தோட...

அதாருங்க, டீக்கடைக்கு முன்னால? மஞ்சச் சேலை, தலை நெறையப் பூவு. சிந்தாமணியா? அவளேதான்! யாரும் வரமாட்டாங்கன்னா! ஊடு நெறைய வந்த ஒறம்பரை சனத்தை விட்டுட்டு, இன்னிக்குப் பொழுதுல இங்க வந்து நிக்கறாளே! நம்மளைத்தான் ஜன்னல் ஜன்னலாத் தேடறா. ஏ சிந்தாமணி! இங்க, இங்க! அம்மணி, சித்த நகருங்க, ஜன்னல் வழியாவே குடுத்தர்றேன், எறங்கற வரைக்கும் எனக்குத் தாங்காது. இந்தா கண்ணு, புடி. உம்பட பங்கு. ஆமா, நம்ம ஏணிதான். உங்கப்பன் வெச்ச பதினொண்ணுல அம்சவேணியக்காவுக்கு அஞ்சு, எனக்கு அஞ்சு, உனக்கு இது. எண்ணிப் பாரு. உங்கப்பன் எண்ணறாப்புல எண்ணிப் பாரு!

கேட்டீங்களா அம்மணி? கேட்டீங்களா என்ன சொன்னான்னு? வெரலை வெச்சுத் தொட்டு, "லாபம்"னுட்டா! மூணு பங்கும் லாபத்துல நிக்குது. ரெண்டு பேருக்கு அந்த ஏணி எப்படி அறுத்தாலும் ஒருத்திக்கு நஷ்டந்தானுங்களே, எனக்கு ஏன் இத்தனை நாளு இது ஓடவே இல்ல? அய்யோ, அதை நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டா பாருங்க. மஞ்சளெல்லாம் புதுச் சேலையில ஒட்டுது, அவளுக்கு அது தெரியக்கூட இல்ல.

நான் எறங்கறேனுங்க. பாத்துப் போயிட்டு வாங்க. எங்க இவங்க, கூடையைக் கட்டிட்டு இன்னும் உக்காந்துட்டு?

அக்கா! அம்சவேணியக்கா! எந்திரிச்சு வாங்கக்கா, வாங்கிக்கிட்டா!